மதிலுக்கு அந்தப் பக்கம்

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இத்தாலிக்காரர்களுக்கு நாலா பக்கமும் தொல்லை. கடல் வழியே அரபுக் கொள்ளைக்காரர்கள், குதிரை மேல் மாகியார்கள், போதாக்குறைக்குப் பக்கத்து ஊர்ப் பிரபு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மூட்டை முடிச்சோடு குன்றின் மேல் ஏறினார்கள், சுற்றி மதில் எழுப்பி உட்கார்ந்துகொண்டார்கள். ரோக்கா என்றும் காஸ்டெல் என்றும் தொடங்கும் ஊர்ப் பெயர்கள் அந்த நாட்டில் இன்றும் மலைக்கு மலை தொங்குகின்றன. தண்ணீர்க் குடத்தோடு தினம் மலையேறியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். ஆனால் எதிரி மூச்சிரைக்க மேலே வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்திவிடலாம்.

நம்ம ஊர்க் கதை நேர் எதிர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639-ல் நம்ம சென்னைக் கடற்கரைக்கு வந்தார். கோட்டைக்கு அவர் பிடித்த இடம் தோசைக்கல் மாதிரி தட்டை. கப்பல் கரைக்கு வராது. அலை கொஞ்சம் தணிந்தால் மசூலாப் படகில் சாமானும் ஆளும் நனைந்துகொண்டே வரவேண்டும். பிறகு ஏன் இந்த இடம்? சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அடிக்கடி போய்வர வசதி என்று அந்தக் காலத்திலேயே ஒரு கிசுகிசு. உண்மையோ பொய்யோ, அந்த மணலுக்கு இதைவிட நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சுற்றுவட்டாரத்தில் மேடு என்று சொல்ல ஒன்று இருந்தது. இன்றைக்கு அரசு பொது மருத்துவமனை இருக்கிற பக்கம், நரிமேடு. இத்தாலிக்காரன் என்றால் அதன் மேல் ஏறி ஒரு காஸ்டெல் கட்டியிருப்பான். நம்ம துரைமார்கள் எதிரி அதன் மேல் பீரங்கியை ஏற்றிவிட்டால் என்ன ஆவது என்று பயந்து, மேட்டையே வெட்டித் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

கோட்டையின் வீரம் 1746 செப்டம்பரில் தெரிந்தது. லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து சுட்டார்கள். ஒரு வாரம் தாங்குவதற்குள் சாவியைக் கொடுத்தாயிற்று. உள்ளே குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் நம்மூர்க்காரர் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு கடலூர் பக்கம் நழுவினார். பிறகு ஐரோப்பாவில் ராஜாக்கள் சமாதானம் பேசியபோது, கனடாவின் குளிரில் இருந்த லூயிபூர் கோட்டையை பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்து சென்னப்பட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள். 1749-ல் ஊர் கைமாறியது. இங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வந்த கம்பெனிக்கு ஞானோதயம்: கோட்டைக்கு ஒட்டினாற்போல் நம்ம ஆட்கள் குடியிருந்த கறுப்பர் பட்டணத்து வீடுகள் இருப்பதால்தான் வம்பு. பீரங்கிக்குப் பார்வை மறைக்கிறதாம். பிரெஞ்சுக்காரர் பாதி இடித்திருந்ததை இவர்கள் மீதி இடித்தார்கள். சென்னக்கேசவரும் சென்னமல்லீஸ்வரரும் இருந்த பட்டணத்துக் கோயிலும் 1757-ல் போயிற்று. ஊரின் பெயரில் பாதியை வைத்திருந்த சாமிகளுக்கே இந்தக் கதி! பிறகு மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பக்கம் கோயிலைத் திரும்பக் கட்டவைத்தார். இங்கே வீடு கட்டாதே என்று எல்லைக் கல்லும் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது, 1773 ஜனவரி முதல் தேதி என்று பொறித்துக்கொண்டு.

இதற்கு நடுவில், 1758 டிசம்பரில், பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். அவருடைய சிப்பாய்கள் கறுப்பர் பட்டணத்துக்குள் புகுந்ததும் முதலில் பிடித்தது கோட்டையை அல்ல, சாராயத்தை. ஊரைச் சூறையாடி முட்டக் குடித்துக் கிடந்தார்கள். இரண்டு மாதம் முற்றுகை நடந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்தது மைசூர் ஹைதர் அலி. 1767-ல் பையன் திப்புவின் குதிரைப்படை ஊருக்கு வெளியே இருந்த தோட்ட வீடுகள்வரை வந்துவிட்டது. கவர்னர் பூர்ஷியே கடலோரம் தற்செயலாக நின்ற ஒரு படகில் ஏறித் தப்பியதாகக் கதை. இரண்டு வருஷம் கழித்து ஹைதரே நேரில் வந்து, கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரே உருப்படியான மலையில், அதாவது பரங்கிமலையில், முகாம் போட்டார். அங்கிருந்தபடியே 1769-ல் உடன்படிக்கை எழுதவைத்தார்.

எல்லாரும் வந்து, அடித்து, குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு கம்பெனி ஊரைச் சுற்றி மதில் கட்ட உட்கார்ந்தது. காண்டிராக்ட் போனது பால் பென்ஃபீல்ட் என்பவருக்கு.

இந்த ஆசாமியிடம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். 1764-ல் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தார். சம்பளம் சொற்பம். கொஞ்ச நாளில் ஆற்காட்டு நவாபுக்கே வட்டிக்கு விடுகிற அளவுக்கு வளர்ந்தார். நவாப் தனக்கு தஞ்சாவூர் வருமானத்தை எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று ஒரு கணக்கை நீட்டினார். கவர்னர் பிகட் முறைத்தார். 1776-ல் கவர்னரையே அவருடைய கவுன்சில்காரர்கள் கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே அவர் உயிர் போயிற்று. லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து பென்ஃபீல்டைக் கிழித்துத் தோரணம் கட்டினார். காசெல்லாம் கரைந்து 1810-ல் பாரிஸில் ஏழையாகச் செத்தார் பென்ஃபீல்ட். ஆனால் ஒன்று, மதில் வேலையில் அவர் கைவைக்கவில்லை போலிருக்கிறது. மிச்சமிருக்கிற துண்டைப் போய்த் தட்டிப் பாருங்கள்; இப்போது போடுகிற காண்டிராக்ட் ரோடு எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

மதில் எங்கே போயிற்று என்பதில்தான் நம்ம வடசென்னை ஏரியா கதை இருக்கிறது. வடக்கே கடலோரத்தில் தொடங்கி இன்றைய பழைய ஜெயில் ரோடு வழியாக மேற்கே போய், தெற்கே திரும்பி, யானைகவுனியைத் தாண்டி இறங்கியது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், எல்லாம் வெளியே. யாரோ அந்நிய தேசம் என்று விட்டுவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 1708-லேயே நவாப் தாவூத் கானிடமிருந்து கம்பெனி வாங்கிய ஐந்து கிராமங்களில் நுங்கம்பாக்கம் போக மீதி நாலும் நம்முடையவை: திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி. குத்தகைப் பணம் வாங்கும்போது உள்ளே, குதிரைப்படை வரும்போது வெளியே.

கம்பெனி பிழைத்ததே துணியால். கவர்னர் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் காலடிப்பேட்டை. துணி வெளுத்தது வண்ணாரப்பேட்டை. தறியும் வெளுப்பும் மதிலுக்கு அந்தப் பக்கம், மடித்துக் கட்டிய மூட்டை இந்தப் பக்கம். எதைக் காப்பாற்ற மதில் கட்டினார்கள் என்று யாரும் சந்தேகம் கேட்கத் தேவையே இல்லை.

செலவு? உள்ளே இருக்கிற நீங்கள்தானே பத்திரமாகத் தூங்குகிறீர்கள், நீங்களே கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் தலையில் வரி போட நினைத்தார்கள். அந்த வரி வசூலே ஆகவில்லை என்கிறார்கள். கட்டாத வரியின் பெயரில் ரோடு மட்டும் நின்றுவிட்டது: வால்டாக்ஸ் ரோடு. 1780-ல் ஹைதர் மறுபடி வந்து சுற்றுவட்டாரக் கிராமங்களைக் கொளுத்தினார். மதிலை வந்து முட்டவில்லை. அதற்குப் பிறகு யாரும் முட்டவில்லை. 1856-ல் ராயபுரத்தில் ரயில் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மதிலும் காணாமல் போயிற்று. கடைசியில் 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியது கடல் பக்கமிருந்து. அந்தப் பக்கம் யார் மதில் கட்டினார்கள்?

மிச்சம் ஒரு துண்டு ராயபுரத்தில் இருக்கிறது. மாநகராட்சி அதன் மேல் செடி வைத்து மாடிப் பூங்கா ஆக்கியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத் தடித்த சுவர்; படியேறினால் பீரங்கி நின்றிருக்க வேண்டிய தளத்தில் நடக்கலாம். இரண்டு ஆள் உயரம் ஏறினாலே வடசென்னையில் அது மலைவாசஸ்தலம். இதைவிட உயரம் வேண்டுமென்றால் கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது. இத்தாலியப் பிரபு யாராவது இன்றைக்கு வந்து குன்று கேட்டால் அதைத்தான் காட்டவேண்டும். தண்ணீரும் லாரியில் வந்துவிடும். எதிரி என்ன, சொந்தக்காரன்கூட மேலே ஏறி வரமாட்டான்.

வால்டாக்ஸ் ரோட்டுக்குக் கப்பலோட்டிய தமிழர் பெயரை வைத்து வ.உ.சி. சாலை என்று பலகை மாட்டியாகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் அப்படிக் கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ‘வால்டாக்ஸா சார்?’ என்பார்.