படம் சரி, பேச்சுதான் தப்பு

கால்பந்தில் வீடியோ நடுவர் வந்தால் பெரிய தவறுகள் குறையும் என்றார்கள். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுடன் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் கோல் அடித்தார். கோட்டு நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். வீடியோ அறை அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டது. ஆனால் களத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, ‘சோதனை முடிந்தது’ என்று மங்களம் பாடிவிட்டது. வீடியோ ஓட்டுபவர் தவறைச் சுட்டிக்காட்டியபோது பந்து மறுபடி உருண்டுவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

மறுபடி தொடங்கிய ஆட்டத்தை நிறுத்தித் திருத்தினால், ஒவ்வொரு முடிவையும் கிளறச் சொல்வார்களே என்பது நியாயமான கேள்விதான். ஆட்டம் மறுபடி தொடங்கியபின் முடிவை மாற்றக்கூடாது என்ற விதியை மீறவே வேண்டாம்; ‘கோல்’ அல்லது ‘கோல் இல்லை’ என்று முடிவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். இத்தனை கேமராவுக்குச் செலவழித்தவர்கள், காசில்லாமல் கிடைக்கும் ஒரு சொல்லில் போய்ச் சிக்கனம் பிடித்தார்கள்.