சக்கரப் பொருத்தவியல்: சூத்திரமும் உரையும்

பத்து கியர் ரோடு சைக்கிள் ஒன்று, பிறப்பு 1970களில். ஸ்டீல் பிரேம், ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார். பின் ரிம் கோட்டம் எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது. வேறு சக்கரம் வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இத்துறைக்கு இலக்கணம் இல்லாதது பெருங்குறை என்று கருதிச் சூத்திரம் ஒன்றை யாமே இயற்றி, பிறர் உரை எழுதினால் பிழை கண்டுபிடிப்பார்கள் என்பதால் உரையையும் யாமே எழுதலானோம்.

விட்டமும் இடையும் பல்லும் பிரேக்கின்
எட்டமும் எனநான்கு ஒத்தன கொள்வோன்
சட்டைப் பைதான் சில்லறை உடைத்தே.

இதன் பொருள்: ரிம்மின் விட்டம், பிரேமின் பின்கவட்டு இடைவெளி, பல்சக்கரம் மாட்டும் வகை, பிரேக் கட்டை எட்டும் தூரம் ஆகிய நான்கும் பொருந்தும் சக்கரத்தை வாங்குபவன் பையில் மீதிக் காசு இருக்கும் என்றவாறு. ஈற்றடியில் ‘சில்லறை’ என்பதற்குச் ‘சல்லடை’ என்று பாடம் ஓதுவாரும் உளர். அவர்கள் அளக்காமல் வாங்கியவர்கள்.

நான்கனுள் விட்டத்தை முதற்கண் வைத்தது, அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பதனால். விட்டமாவது, டயரின் உள்விளிம்பு ரிம்மில் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு. டயரில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பற்க. அக்காலத்துப் பத்து கியர் சைக்கிளில் 27 அங்குலம் என்றிருக்கும். உண்மையளவு 630 மி.மீ. இன்றைய ரோடு சைக்கிளின் 700சி சக்கரம் 622. மலைச் சைக்கிள்காரர் 29 அங்குலம் என்று பெருமை பேசுவதும் அதே 622தான். ஆகவே 29ஐவிட 27 பெரிது. ஐரோப்பாவில் 28 என்று விற்பதும் பெரும்பாலும் 622தான். “அற்றேல் 28 எப்போதும் 27க்குச் சிறிதோ?” எனின், அன்று, நம்மூர்ப் பால்காரர் சைக்கிளின் 28 × 1½ சக்கரம் 635. 700சியில் 700 எங்கே என்று தேடுவார்க்கும் ஏமாற்றமே: 23 மி.மீ. டயர் மாட்டினால் வெளிவட்டம் ஏறக்குறைய 668தான் வரும். இவ்வெண்கள் ஆதியில் டயரின் வெளிவட்டத்தைக் குறித்தன. டயர் மெலிந்தது, பருத்தது. பெயர் மட்டும் பட்டாவில் ஏறியது ஏறியதுதான்.

ஆதலின் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் துடைத்து, பொடியெழுத்தில் புடைத்திருக்கும் 32-630 போன்ற இணையெண்ணைத் தேடுக. முன்னது அகலம், பின்னது விட்டம். பின்னதே பிரமாணம். தெருமுனைக் கடையில் கிடைக்கிறதே என்று 635 டயரை 630 ரிம்மில் ஏற்றினால், காற்றடிக்க அடிக்க அது ரிம்மை விட்டு எழும்பி டியூபை வெளியே காட்டும். அடுத்து வரும் ஓசை பேருந்து நிறுத்தம் வரை கேட்கும்.

இடையாவது, பின்சக்கரம் உட்காரும் இரு கவடுகளுக்கு நடுவிலுள்ள தூரம். பின்னே ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் 120 மி.மீ., ஆறும் ஏழும் ஆனபோது 126, எட்டிலிருந்து 130. ஸ்டீல் பிரேம் 126 ஆயின், 130 சக்கரத்தைக் கையால் சற்றே விரித்து நுழைத்துவிடலாம். நிரந்தரமாக விரிப்பதற்கு ஒரு மரச்சட்டமும் சரிபார்க்க ஒரு நூலும் போதும் என்பது அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுனார் (1944–2008) மதம். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இவ்விதி செல்லாது. விரித்தால் வாங்க வேண்டியது சக்கரமன்று, சைக்கிள்.

பல் என்பது செலவு ஒளிந்திருக்கும் இடம். பழைய சக்கரத்தில் ஹப்பின் மேல் மரை சுற்றி ஏறுவது பிரீவீல். புதிய சக்கரத்தில் பிரீவீலின் வேலை ஹப்புக்குள்ளேயே போய்விட்டது. பல்வட்டங்களை வரிசையாகக் கோத்துப் பூட்டினால் தீர்ந்தது. அச்சின் முனைக்கருகே பேரிங் வருவதால் அச்சு வளைவதும் குறைவு. புதியது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை வாங்குபவர் புதுப் பல்வட்டம் வாங்குகிறார், பழைய செயின் அதில் வழுக்கவே புதுச் செயின் வாங்குகிறார், 630 டயர் ஏறாதாகையால் புது டயரும் வாங்குகிறார். மாப்பிள்ளையை மட்டும் அழைத்தோம், வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எனவே சக்கரத்தின் விலைச்சீட்டைப் பார்த்து மலிவு என்று சொல்வது குற்றம். அது யாரையெல்லாம் கூட்டிவரும் என்று பார்த்துச் சொல்க என்பது எம் துணிபு. மரையேறும் ஏழு பல்வட்டப் பிரீவீல் இன்றும் குறைந்த விலைக்குப் புதிதாகவே கிடைக்கிறது.

பழைய ஹப்பை வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. 36 துளை ஹப்புக்கு 36 துளை ரிம், அதன் அளவுக்கேற்ற போக்ஸ் கம்பி. கூலி அதிகமான நாடுகளில் இது கட்டுப்படியாகாது. மெஷினில் கோத்த சக்கரமே அங்கு மலிவு. நம்மூரில், கோக்கத் தெரிந்த கை அகப்பட்டால், இதுவே உத்தமம். ஒரு எச்சரிக்கை: பிரீவீலைக் கழற்றுமுன் பழைய கம்பிகளை வெட்டி எறியற்க. மிதிக்க மிதிக்க இறுகிய பிரீவீல் அது. ரிம்மைப் பிடித்துத் திருகினால்தான் அசையும். ரிம் போனபின் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கலாம்.

எட்டத்துக்கு உரை சிறிது. 630 போய் 622 வந்தால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையின் நீள்துளையில் கட்டைக்குக் கீழே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும். இருந்தால் மட்கார்டுக்கு இடம் கிடைத்தது கூடுதல் லாபம். பழைய ரிம் குரோம் பூசிய இரும்பு என்றால் அலுமினியத்துக்கு மாறுக; மழையில் இரும்பு ரிம்முக்கு பிரேக் பிடிப்பது வேண்டுகோள் விடுப்பது மாதிரி.

இனி ஒரு வாதம். சக்கரத்தின் பாரத்தை எந்தக் கம்பி தாங்குகிறது? மேற்கம்பியில் ஹப் தொங்குகிறது என்பர் ஒரு சாரார். 1981இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே நூல் செய்த யோப்ஸ்ட் பிராண்டு, ஹப் கீழ்க்கம்பிகளின்மேல் நிற்கிறது என்றார். பாரம் ஏறும்போது கண்ணில் படுமளவு மாறுவது கீழ்க்கம்பியின் இழுவிசைதான், அது குறைகிறது என்பது அவர் காட்டிய ஏது. இது வீண்வாதமன்று. மெஷினில் கோத்த மலிவுச் சக்கரம் பல சமயம் தளர்வாகவே வரும். தளர்ந்த கம்பி கீழே வரும் ஒவ்வொரு சுற்றிலும் சுத்தமாகத் தொய்ந்து, மேலே போய் இறுகி, ஹப்பில் மாட்டும் முழங்கை மடிப்பில் ஒருநாள் முறியும். கடையிலேயே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்க்க. ஒரே பக்கத்தில் ஒன்று ணங் என்றும் ஒன்று டப் என்றும் பேசினால் முதலில் கோட்டம் எடுப்பவரிடம் கொண்டுபோக. அந்தக் கூலியும் சக்கர விலையே.

முன்சக்கரத்துக்குப் பல்லில்லை, ஆதலின் வழக்குமில்லை. “பின்னது மட்டும் 622 ஆக, முன்னது 630ஆகவே நிற்கலாமோ?” எனின், நிற்கலாம். 27 × 1¼ டியூபும் 32 மி.மீ. அகல 700சி டியூபும் ஒன்றுக்கொன்று உதவும்; டயர் உதவாது. பின்பக்கம் 4 மி.மீ. தாழ்ந்திருப்பது கண்ணில் படுகிறது என்று சொல்லுபவரிடம் ஸ்கேலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க.