மாத இதழ்க் கருத்தியல்: ஜொகூர் மாநிலத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

படித்தபின் உரைப்பது திறனாய்வு ஆகும்;
படியா முன்னம் பகர்வதே கருத்தே.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், மாதந்தோறும் வெளிவரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தார் மொழியும் கருத்துகளின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரம் இக்கட்டுரையாளர் இயற்றியது. ஏட்டுச்சுவடிகளில் தேட வேண்டாம்.

ஆய்வுக் களம்: ஸ்கூடாய், மாசாய், தம்போய் வட்டாரத்து மாமாக் உணவுக்கடைகள். தரவு திரட்டும் முறை: ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குக் காது கொடுத்தல். இம்முறையின் அறிவியல் தகுதி குறித்து ஐயம் எழுப்புவோர், இதைவிட மட்டமான முறைகளுக்கெல்லாம் முனைவர் பட்டம் கிடைத்திருப்பதை எண்ணி ஆறுதல் கொள்க.

முதற்கண் பொருளை வரையறுப்போம். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதை பெரும்பாலும் 20 பக்கம். விலை நான்கு டாலர், சிலவற்றுக்கு ஐந்து. எழுத்துக்கூட்டிப் படித்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றிய கருத்தோ அடுத்த இதழ் வரும்வரை முழுசாக ஒரு மாதம் தாங்குகிறது. ஆகவே ஐந்து டாலருக்கு விற்கப்படுவது கதையன்று; கதையைப் பற்றிப் பேசும் உரிமை. கதை இனாம்.

அப்படியானால் கருத்து ஏன் வாசிப்புக்கு முந்துகிறது? சோம்பேறித்தனம் என்பர் சிலர். அது பொருந்தாது. நோயின் வேர் வணிகத்தில் இருக்கிறது. 1970களில் பில் சூலிங் என்னும் நியூயார்க் வியாபாரி தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி, காமிக்ஸ் கடைக்காரருக்குக் கழிவு அதிகம். விற்காத பிரதிகளை மட்டும் திருப்பித் தர முடியாது. எனவே அட்டைப்படத்தையும் நாலு வரி முன்னறிவிப்பையும் வைத்துக்கொண்டு, இதழ் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே எத்தனை பிரதி வேண்டும் என்று அவர் முடிவு கட்டியாக வேண்டும். ஆக, முதல் கருத்தாளர் கடைக்காரர். அவர் கைக்காசைப் போட்டுக் கருத்துச் சொன்னார். வாசகர் அதே மரபை இலவசமாகப் பேணுகிறார். சிவகாசியிலும் வழக்கு இதுவே. லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டு, ஆசிரியர் விஜயன் ‘ஹாட்லைன்’ பகுதியில் அறிவிக்கும் தலைப்புகளை வைத்தே அடிதடிக்குத் தயாராகிவிடுவர். இதழ் பின்னால் நிதானமாக வந்து சேரும்.

இங்கே ஜொகூருக்கே உரிய இரு கூறுகள் உள. ஒன்று, வார விடுமுறை. 2014 முதல் 2024 வரை இம்மாநிலத்துக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை நாள்களாக இருந்தன. புதன்கிழமை காலை அமெரிக்கக் கடைகள் புதிய இதழ்களோடு திறக்கும்போது நமக்குப் புதன் இரவு. அன்று வியாழன் மாலை வேலை முடிந்தால் ஓய்வு. எனவே பதினோரு ஆண்டுகள் ஜொகூர்க் கருத்து, கோலாலம்பூர்க் கருத்தைவிட ஒரு நாள் முந்தி வெந்தது. 2025 ஜனவரி 1 அன்று விடுமுறை சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அந்த மாற்றத்தை ஒட்டி வங்கி, பள்ளிக்கூடம், வெள்ளித் தொழுகை எல்லாவற்றைப் பற்றியும் விவாதம் நடந்தது. மாநிலம் இழந்த இந்த ஒரு நாள் முன்னிலையைப் பற்றி எந்த மேசையிலும் ஒரு முனகல் கேட்கவில்லை.

மற்றது, பாலம். சிங்கப்பூரோடு இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதைக் கடக்கும் நேரத்தைக் கணிக்க இன்னும் கணிதம் வளரவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்பவர் அங்கேயே ஒரு பிரதி வாங்கி, மழைச்சட்டைக்கு அடியில் செருகி, மோட்டாரில் கொண்டுவருகிறார். ஜாமில் நிற்கும் நேரத்தில் அதை எட்டு தரம் படித்துவிடலாம். படிக்க மாட்டார். முதுகுக்கு அட்டை வைத்துப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய இதழைப் பிரித்தால் விலை இறங்கிவிடுமாம். கடையிலும் மேசையை இரண்டு தடவை டிஷ்யூவால் துடைத்த பிறகே வைப்பார். கறிக் கிண்ணத்தை எதிராளி பக்கம் தள்ளிவிட்டு, உறையின் மேலாகவே விரலால் தட்டித் தட்டி வாதிடுவார். பின்வரும் உரையாடல் அவ்வகையில் கிடைத்த அரிய சான்று.

“படிச்சிட்டீங்களாண்ணே?”

“படிக்க என்னடா இருக்கு? அட்டையப் பாத்தாலே தெரியுதுல்ல, போன மாசம் மாதிரி இல்லன்னு.”

“போன மாசம் படிச்சீங்களா?”

“தம்பி, தே ஆறுது. குடி.”

சமகாலச் சான்றாக ‘அப்சொல்யூட் பேட்மேன்’ இதழை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரையத் தொடங்கியது. இதில் புரூஸ் வெய்னுக்குச் சொத்து இல்லை, மாளிகை இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறார். மாநகரத்துப் பொறியாளராகப் பிழைப்பு. மார்பிலிருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி. உலகம் இதைத் துணிச்சலான புதுமை என்றது. ஜொகூர் பாருவில் எடுபடவில்லை. விடிகாலை நான்கரைக்கு எழுந்து பாலம் கடந்து, ராத்திரி வீடு திரும்பி, அதற்கு மேலும் ஓவர்டைம் பார்ப்பவனைப் புதுமை என்று இங்கே யாரும் ஒப்ப மாட்டார்கள். “நம்ம தாமான்ல பாதிப் பேர் இவன்தானே” என்பதே மேசையின் தீர்ப்பு. என் கணிப்பில் அந்த இதழுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாராட்டு அது. சொன்னவர் வசையாகத்தான் சொன்னார்.

கருத்துக்கு உயிர்ப்பலி வாங்கும் ஆற்றலும் உண்டு. 1988இல் டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்து, பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் வாழலாமா சாகலாமா என்று கேட்டது. அழைப்புக்கு அரை டாலர். சாகட்டும் என்றவை 5,343. வாழட்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு அழைப்புகளில் ஒரு பையன் போய்ச் சேர்ந்தான். 2005இல் அவன் திரும்பி வந்தபோது யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. 1992இல் இறந்த சூப்பர்மேன் மறு ஆண்டே எழுந்து வந்தார். இதனால் அறியப்படுவது: இத்துறையில் மரணம் மாறும், மனிதர் மாறுவர், கருத்து மட்டும் சாவதில்லை. “அவன் செத்தப்பவே நான் வாங்குறத நிப்பாட்டிட்டேன்” என்பவர் இன்றைக்கும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்து அமர்கிறார்.

மாநிலத்துக்கென்று சொந்த நாயகன் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1998இல் மலேசியத் தொலைக்காட்சியில் வந்த ‘கெலுவாங் மேன்’ கார்ட்டூன் நாயகன் போர்ஹான், தம்போய் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவன். இரவில் நழுவி வெளியேறி, பழந்தின்னி வௌவால் வேடத்தில் குற்றவாளிகளைப் பிடிப்பான். 2025இல் அவன் திரைப்படமாகவும் வந்தான். ஆனால் மாத இதழ் இல்லாததால் இவ்வாய்வின் எல்லைக்குள் வர மறுக்கிறான்.

சூத்திரத்துக்கு ஒரு புறனடை தேவைப்படுகிறது. முத்து காமிக்ஸ் தலைமுறையினர் உண்மையிலேயே படித்தவர்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தவர்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது; லண்டன் ‘வேலியண்ட்’ வார இதழில் பத்தாண்டு முன்னர் பிறந்த கதை. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். இப்பிரிவினருக்கு அதற்குப் பிந்தைய எல்லா மாதங்களும் ஒரே மாதம்தான். குளுவாங் பெரியவர் ஒருவரிடம் புதிய பேட்மேன் இதழைக் கொடுத்தேன். உறையைப் பிரித்தே படித்தார், கடைசிப் பக்கம் வரை.

“இவனுக்குக் கரண்டு ஷாக் அடிச்சா மறைவானா?”

“மாட்டான் ஐயா.”

“அப்புறம்?”

இவ்வாதத்துக்கு இதுகாறும் மறுப்பு எழவில்லை.