ஈர்க்கு நின்ற பக்கம்: ஓர் ஆராய்ச்சி

நூலொன்றைப் படித்தவர் அதனைப்பற்றி வாயாற் கூறும் அபிப்பிராயம் பிரமாணமாகாது என்பதும், அவர் அந்நூலினுள்ளே செருகிவிட்ட அடையாளம் எந்தப் பக்கத்தில் நிற்கின்றதோ அதுவே பிரத்தியட்சப் பிரமாணம் என்பதும் இவ்வாராய்ச்சியின் சித்தாந்தமாகும். யாழ்ப்பாணத்தில் இவ்வடையாளம் பெரும்பாலும் பனையீர்க்கு. அஃது அகப்படாதவிடத்துப் பருத்தித்துறை பஸ்ஸின் ரிக்கற், அல்லது கலியாணக் காட்டின் கிழிந்த பாதி. சுவடிக் கயிற்றின் நுனியில் பனையோலையைக் கிளிமூக்குப் போலக் கத்தரித்துக் கட்டிய முன்னோரின் சந்ததியார்க்கு இவ்வழக்கம் தகும். எனினும், கிளிமூக்கானது கயிறு கழன்றுபோகாமற் காத்ததேயன்றி, வாசகன் எவ்விடத்திற் கழன்றான் என்பதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அண்மையில் நான் படித்தவை யாவும் இரவல் நூல்களாதலின், ஒவ்வொன்றிலும் எனக்கு முந்தியவரின் சாட்சியம் கிடைக்குமென எதிர்பார்த்தேன். யாழ்ப்பாண வைபவமாலையைத் தந்த இளைப்பாறிய ஆசிரியரொருவர், அதன் மகிமையை விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிலிருந்தபடி தேநீர் ஆறும்வரை வருணித்தார்; ஈர்க்கோ முகவுரையைத் தாண்டியிருக்கவில்லை. ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டிற் செய்த அந்நூலில், ஐதிகம் எங்கே முடிந்து சரித்திரம் எங்கே தொடங்குகின்றதென்று தேடுவதே ஒரு சுகம். சங்கிலி மன்னனின் கதைக்கு வருமுன் அதை மூடிவைத்தவர் பெருநட்டம் அடைந்தவராவர். புகழுரையின் நீளமும் ஈர்க்குக் கடந்த பக்கத்தொகையும் ஒன்றுக்கொன்று நேர்மாறு விகிதத்தில் நிற்குமென்னும் விதி இதனாற் பெறப்பட்டது.

சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றிய கலித்தொகையின் பழம் பிரதியொன்றில் ஈர்க்குப் பதிப்புரையின் இறுதியில் நின்றது. அவ்வாசகரை நான் பழிக்கேன். தொட்டாலே உதிரும் ஏடுகளை நினைந்து அம்மகான் அங்கே புலம்பியிருப்பதைப் படித்த நெஞ்சு, உடனே நச்சினார்க்கினியருரைக்குள் இறங்க வலிமையற்றுப்போதல் இயற்கையே.

இவ்விதிக்குப் பலமான சோதனை, 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்'. இம்மண்ணிலே தீண்டாமைக்கெதிராக நடந்த போராட்டத்தைக் கூறும் அந்நாவலை இரவல் தந்தவர், "வாசிச்சுப் பாரும்" என்பதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உள்ளே ஈர்க்குமில்லை, ரிக்கற்றுமில்லை. நானும் ஈர்க்குச் செருக இடங்காணாமல் விடியுமட்டும் படித்தேன். மறுநாள் வாசிகசாலையிற் கேட்டவர்களுக்கு என்னாலும் ஒன்றுஞ் சொல்லக் கூடவில்லை.

மேலதிக ஆதாரம் யாழ்ப்பாணப் பொதுநூலகத்திற் கிடைத்திருக்கும். 1981இல் அங்கே எரியுண்ட ஏறத்தாழ 97,000 நூல்களுள், எந்த ஈர்க்கு எந்தப் பக்கத்தில் நின்றதென்று இனி எவராலும் ஆராய இயலாது.

பக்க நுனியை மடிப்போர் இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்குப் புத்தகம் இரவல் கொடுத்தவர்களிடம் விசாரித்தபோது, கிடைத்த மறுமொழிகள் அச்சேற்றத்தக்கனவாக இல்லை.