ஓடாத காரும் ஓடாத படமும்

1975 ஏப்ரலில் அம்ரித் நாஹட்டா என்பவர் 'கிஸ்ஸா குர்ஸி கா' என்ற இந்திப் படத்தைத் தணிக்கைக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நாற்காலியின் கதை. அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டும் படம் என்றால் எதிர்க்கட்சிக்காரர் எடுத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? நாஹட்டா ஆளும் காங்கிரஸின் எம்.பி. ராஜஸ்தானின் பார்மேர் தொகுதி. மக்களவையில் கட்சிக்காகக் கை தூக்கிவிட்டு, படப்பிடிப்பில் அதே கட்சியின் காலை வாரியவர்.

கதையில் கங்காராம் என்ற ஆசாமி ஜனாதிபதி ஆகிறான். ஜனதா என்ற ஊமைப் பெண்ணைக் கண்டபடி ஏய்க்கிறான். ஊமைப் பெண்ணாக ஷபானா ஆஸ்மி. மக்களைக் குறிக்கும் பாத்திரத்துக்கு வசனமே கிடையாது. அதோடு விட்டாரா? சின்னக் கார் திட்டம், அதிகார வாசலில் நின்ற சாமியார், பிரதமரின் உதவியாளர் என்று டெல்லியில் அன்றைக்கு யாரைப் பற்றி வாய் திறக்கக் கூடாதோ அவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் கலாய்த்திருந்தார்.

தணிக்கைக் குழு படத்தைப் பார்த்தது. வியர்த்தது. ஏழு பேர் கொண்ட மறுபரிசீலனைக் குழுவுக்குத் தள்ளிவிட்டது. அந்த ஏழு பேரும் பார்த்தார்கள், அரசாங்கத்துக்கே தள்ளிவிட்டார்கள். 'நீயே பார்த்துக்கொள், எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது' என்பதை அலுவலகத் தமிழில் 'மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதுவார்கள். இந்தியிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 51 ஆட்சேபங்களோடு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்த 51ஐயும் தயாரித்த அதிகாரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரக்கமாக இருக்கிறது. திரையில் ஒரு அயோக்கியன் வருகிறான். அவன் வருவது குற்றமில்லை. அவன் நம் மேலிடத்தைப் போல இருக்கிறான் என்பதுதான் குற்றம். அப்படியானால் கோப்பில் என்ன எழுதுவது? 'இந்தத் திருட்டு முழியைப் பார்த்ததும் எனக்கு நம் தலைவர் ஞாபகம் வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை அல்ல, 51 முறை. அந்தப் படத்துக்கு அவ்வளவு நுணுக்கமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் பிறகு எழுதவில்லை.

நாஹட்டா பதில் தயாரிப்பதற்குள் ஜூன் 25 இரவு வந்துவிட்டது. நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி வண்டியில் ஏற்றினார்கள். நாஹட்டா ஜூலை 11ஆம் தேதி பதில் அனுப்பினார்: பாத்திரங்கள் கற்பனையானவை, எந்தக் கட்சியையும் எந்த ஆளையும் குறிப்பவை அல்ல. கலைஞனின் பொறுப்பு, உண்மையின் ஒளி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பதிலைக் கண்டு முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அந்த மாதத்தில் டெல்லியில் உண்மை பேசியவர்களின் விலாசம் திகார் சிறை.

தகவல் அமைச்சராக இருந்த குஜ்ரால் போய் வி.சி. சுக்லா வந்திருந்தார். அவர் காலத்தில்தான் காங்கிரஸ் விழாவுக்குப் பாட வர மறுத்த கிஷோர் குமாரின் குரல் வானொலியில் கேட்காமல் போனது. பாட மறுத்தவனுக்கே இந்தக் கதி என்றால் படமே எடுத்தவனுக்கு?

நாஹட்டா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் நியாயமாகவே ஒன்று சொன்னார்கள்: படத்தைப் போட்டுக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம். 1975 நவம்பரில் திரையிட நாளும் குறித்தாயிற்று. நாள் நெருங்க நெருங்க ஒரு விசித்திரம். பிரிண்டைக் காணோம். திரைப்பட விழாவுக்கு வந்த படங்களோடு கலந்துவிட்டதாம். கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறிப்போன மாதிரி ஒரு முழுநீளப் படம் மாறிப்போயிற்று!

சி.பி.ஐ. பின்னால் சொன்ன கதை வேறு. பம்பாயிலிருந்த நெகட்டிவ் உட்பட எல்லாவற்றையும் டெல்லிக்கு வரவழைத்து, 13 இரும்புப் பெட்டிகளில் குர்கானிலிருந்த மாருதி தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள் என்றது வழக்கு. இதில்தான் நான் சொக்கிப்போகிறேன். டெல்லியைச் சுற்றி எரிக்க இடமா இல்லை? யமுனைக் கரை இருக்கிறது, நிகம்போத் சுடுகாடு இருக்கிறது. சின்னக் காரைக் கிண்டல் செய்த படத்தை அந்தச் சின்னக் காரின் தொழிற்சாலைக்கே தூக்கிப் போனார்களாம். பிரதமர் இந்திராவின் மகன் சஞ்சய் காந்தியின் அந்தக் கம்பெனி தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆண்டுக்கு 50,000 கார் என்பது திட்டம். சந்தைக்கு வந்தது ஒன்றுகூட இல்லை.

1977இல் ஆட்சி மாறியது. நாஹட்டாவும் மாறினார், இப்போது ஜனதா கட்சி எம்.பி. சஞ்சய் மீதும் சுக்லா மீதும் வழக்கு நடந்தது. முக்கியச் சான்றுப் பொருளே இல்லாத வழக்கு. அரசுத் தரப்பில் ராம் ஜெத்மலானி. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ, சாட்சிகளைக் கலைக்கிறார் என்று 1978 மே மாதம் உச்ச நீதிமன்றம் சஞ்சயின் ஜாமீனை ரத்து செய்து ஒரு மாதம் திகாருக்கு அனுப்பியது. 1979 பிப்ரவரியில் சஞ்சய்க்கும் சுக்லாவுக்கும் இரண்டாண்டு சிறை என்று தீர்ப்பு. 1980 ஜனவரியில் இந்திரா மறுபடி பிரதமர். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இருவரையும் விடுவித்தது. ஆக, சட்டப்படி அந்தப் படத்தை யாரும் எரிக்கவில்லை. படம் மட்டும் இல்லை.

நாஹட்டா சளைக்கவில்லை. படத்தை முதலிலிருந்து திரும்ப எடுத்தார். ஷபானா மறுபடியும் ஊமை. 1978இல், ஜனதா ஆட்சியில், ஜனதா எம்.பி. எடுத்த படத்துக்குச் சான்றிதழ் கிடைப்பதில் என்ன சிரமம்? வெளியானது. சத்தம் அதிகம், நையாண்டி தெருக்கூத்து ரகம். சில இடங்களில் நன்றாகவே சிரிப்பு வருகிறது. 51 ஆட்சேபமும் 13 பெட்டியும் இவ்வளவு விளம்பரம் கொடுத்திருந்தும் ஜனங்கள் வரவில்லை. நெருக்கடி நிலையை நேரில் பார்த்தவர்கள் அதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்று நினைத்திருக்கலாம். தியேட்டரைவிட்டுப் படம் சீக்கிரமே கிளம்பிவிட்டது, எந்த அமைச்சரின் உதவியும் இல்லாமல்.