தொட்டுக்கொள்ள ஓர் ஊர்

கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸ்காரர்களுக்கு லாட்டரி விழுந்தது. லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலைக்குப் பத்து திராக்மா என்று பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சபையில் பேச்சு. யார் வேண்டாம் என்பார்கள்? அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் வேண்டாம் என்றார். அந்தக் காசில் போர்க்கப்பல் கட்டுவோம் என்றார்.

பாரசீகன் வரப்போகிறான் என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் அசைந்திருக்க மாட்டார்கள். அவன் எங்கேயோ இருக்கிறான். அதனால் மனுஷர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எதிர்த்தாற்போல் தெரிகிற ஈஜினா தீவைக் கைகாட்டினார். அவர்களிடம் இருக்கிற கப்பலைப் பாருங்கள், நம்மிடம் இருப்பதையும் பாருங்கள் என்றார். பேரரசனுக்கு அசராத ஆசாமிக்கும் பக்கத்து வீட்டு வாசலில் புது வண்டி நின்றால் வயிறு எரியும். வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் கணக்குப்படி 200 கப்பல் தயாரானது.

இந்தக் கப்பலை டிரைரீம் என்பார்கள். அணியத்தில் வெண்கல முட்டி. எதிரிக் கப்பலின் விலாவில் மோதி ஓட்டை போடுவதுதான் அதன் ஒரே வேலை. துடுப்பு வலிக்க 170 பேர். சினிமாவில் காட்டுகிற மாதிரி சங்கிலி போட்ட அடிமைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் சபையில் கைதூக்கும் உரிமையுள்ள ஏழைக் குடிமக்கள். மேல் வரிசையில் 62, நடுவில் 54, அடியில் 54. அடி வரிசைக்காரன் பாடுதான் பாவம். தண்ணீருக்கு முழ உயரத்தில் உட்கார்ந்திருப்பான். அலை உள்ளே வராதபடி துடுப்புத் துளையைத் தோலுறை போட்டு அடைத்திருப்பார்கள். அலையோடு காற்றும் வராது. வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது. மூக்குக்கு நேரே மேல் வரிசைக்காரனின் பின்புறம். அரிஸ்டோஃபனிஸ் பின்னாளில் ‘தவளைகள்’ நாடகத்தில் இந்த மூக்கையும் அந்தப் பின்புறத்தையும் வைத்தே ஒரு ஜோக் அடித்திருக்கிறார். விவரம் வேண்டாம். ஏதென்ஸ் ஏழைகள் பருப்பும் பயறும் நிறையச் சாப்பிடுவார்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கி.மு. 480-இல் பாரசீக மன்னர் ஸெர்க்ஸிஸ் வந்தே விட்டார். வருகிற வழியில் ஹெல்லஸ்பாண்ட் நீரிணைமேல் போட்ட பாலத்தைப் புயல் பிய்த்துப்போட்டதில் கோபம் வந்து, கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னவர். கடல் அடியோடு தப்பித்தது. பாலம் கட்டியவர்களுக்குத் தலை போயிற்று.

இந்தப் பக்கம் கிரேக்கர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், எப்போது ஓடலாம் என்று பேசியதுதான். ஆர்ட்டிமிசியம் என்கிற கடல்முனையில் அவர்களை நிறுத்திவைக்க யூபியா தீவுக்காரர்கள் தெமிஸ்டோக்ளீஸ் கையில் 30 டேலன்ட் வெள்ளியைத் திணித்தார்கள். ஸ்பார்ட்டா தளபதிக்கு 5, கொரிந்து தளபதிக்கு 3. மீதி 22 எங்கே என்று கேட்கிறவர் அரசியலுக்குப் புதியவர்.

அடுத்து சலாமிஸ் நீரிணை. ஏதென்ஸ் எரிந்துகொண்டிருக்கிறது, தளபதிகள் மறுபடி மூட்டை கட்டுகிறார்கள். தெமிஸ்டோக்ளீஸ் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற சிக்கின்னஸை ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் எதிரி முகாமுக்கு அனுப்பினார். ‘என் எஜமான் உங்கள் பக்கம். கிரேக்கர்கள் ஓடப்போகிறார்கள், வழியை மறியுங்கள்’ என்று செய்தி. இதில் இரண்டாவது பாதி சுத்தமான உண்மை. ஆகச்சிறந்த புளுகுகளில் கலப்படம் குறைவாகத்தான் இருக்கும். பாரசீகக் கப்பல்கள் விடிய விடியத் துடுப்பு வலித்து நீரிணையை அடைத்தன. ஓட வழியில்லாததால் கிரேக்கர்கள் வீரர்களானார்கள்.

விடிந்ததும் ஸெர்க்ஸிஸ் அய்காலியோஸ் மலையடிவாரத்தில் ஆசனம் போட்டு, யார் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று எழுதக் குமாஸ்தாக்களையும் உட்காரவைத்தார். வந்தது வினை. முன்னால் போன கப்பல் அடிபட்டுத் திரும்பினால், ராஜா கண்ணில் படவேண்டுமே என்று பின்னாலிருந்து முண்டியடித்து வருகிற சொந்தக் கப்பல்மேலேயே முட்டியது. சந்துக்குள் இரண்டு தேர் நுழைந்த கதை.

அந்தக் கூட்டத்தில் மூளையோடு இருந்தவர் ஹாலிகார்னாசஸ் ராணி ஆர்ட்டிமிசியா. கடலில் சண்டையே வேண்டாம் என்று மன்னரிடம் முன்கூட்டியே சொன்னவர். ஏதென்ஸ் கப்பல் ஒன்று துரத்துகிறது, முன்னால் வழி இல்லை. அம்மாள் யோசிக்கவே இல்லை. குறுக்கே நின்ற தம் பக்கத்துக் கலிண்டா ஊர்க் கப்பலையே இடித்து மூழ்கடித்தார். துரத்தியவன், ‘அட, நம்மாள் போலிருக்கிறது’ என்று விலகிப் போனான். கரையிலிருந்த ராஜாவிடம், ராணி எதிரிக் கப்பலைக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆண்கள் பெண்களாகிவிட்டார்கள், பெண்கள் ஆண்களாகிவிட்டார்கள் என்று மனம் உருகிப்போனார் ராஜா. கலிண்டா கப்பலிலிருந்து ஒருத்தராவது பிழைத்து வந்திருந்தால் பிராது கொடுத்திருப்பார். யாரும் வரவில்லை. ஹெரோடோட்டஸுக்குச் சொந்த ஊர் ஹாலிகார்னாசஸ். இந்த இடத்தை ருசித்து ருசித்து எழுதியிருக்கிறார்.

ஜெயித்துக் கொடுத்த தெமிஸ்டோக்ளீஸை ஏதென்ஸ்காரர்கள் சுமார் பத்து வருஷத்தில் ஊரைவிட்டே துரத்தினார்கள். அங்கே ஓட்டு என்றால் நிஜமாகவே பானை ஓட்டில் பெயரைக் கீறிப்போடுவது. அக்ரோபோலிஸ் சரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயர் கீறிய 190 ஓடுகள் அகப்பட்டன. எழுதிய கைகள் பதினான்கே பதினான்கு. கள்ள ஓட்டுக்கு வயது என்ன என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

பிறகு துரோகப் பழியும் சேர்ந்தது. மனுஷர் கடைசியில் போய் நின்ற இடம் பாரசீக அரண்மனை. அப்பா ஸெர்க்ஸிஸுக்குத் தாம் ரகசியச் செய்தி அனுப்பி உதவியதாக, மகன் அர்த்தஸெர்க்ஸிஸிடம் கூசாமல் கணக்குக் காட்டினார். ஒரே வருஷத்தில் பாரசீக மொழியும் படித்துக்கொண்டார். புது ராஜா மகிழ்ந்து மூன்று ஊர்களை எழுதிக்கொடுத்தார். ரொட்டிக்கு மக்னீசியா, ஒயினுக்கு லாம்ப்சகஸ், தொட்டுக்கொள்ள மையஸ்.