கறுப்புக் கோட்டு மருமவனுக்கு

ஏ மருமவனே, வாசல்ல போர்டு மாட்டிட்ட போல. சந்தோசம். பேருக்குப் பின்னால நாலெழுத்து, அதுக்குக் கீழ போன் நம்பரு, அதுக்கும் கீழ பல்லி ஒண்ணு. கோட்டை மாட்டிக்கிட்டு இந்தச் சித்திரை வெயில்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தியாமே? கரிசக்காட்டுல நீயும் கறுப்பா நின்னா கட்சிக்காரன் எப்படிலே கண்டுபிடிப்பான்?

உக்காரு. ஒட்டப்பிடாரத்துப் பக்கம் பொறந்து வக்கீலாகுறதுல ஒரு ஆபத்து இருக்கு. நம்மூரு வ.உ.சி.யைக் காட்டி, ‘அவுகளை மாதிரி வரணும்டே’ம்பான். சொல்லுதவன் மாலையைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயி சோறு திம்பான். நீதான் மாட்டுவ.

அவுக அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீலுதான். விவரமான மனுசன், காசுள்ள கேஸாப் பாத்து எடுப்பாரு. மகன் 1895ல தொழிலுக்கு வந்து என்ன செஞ்சாரு? இல்லாதப்பட்டவன் கேஸை எல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டாரு, பல கேஸுக்குப் பீஸும் இல்ல. போலீஸ்காரன் பிடிச்சிட்டு வந்தவனை இவுக வெளிய கொண்டாந்துட்டா போலீஸுக்குப் பொறுக்குமா? அப்பா பாத்தாரு, 1900ல மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிட்டாரு. உள்ளூர்ல வம்பு வேண்டாம்னு கடலோரத்துக்கு அனுப்பி வச்சா, அங்க வெள்ளைக்காரன் கப்பலு நிக்கி. வம்பு பெருசாயிட்டு.

1906 அக்டோபர்ல அவுக கப்பல் கம்பெனி பதிவாச்சு. பங்கு 25 ரூபா, மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம். நீ ஸ்கூட்டருக்குத் தவணை கட்டத் திண்டாடுத, அவுக கப்பலு வாங்கினாக. வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தை ஒரு ரூவாய்க்கு இறக்குனான், இவுக எட்டணான்னாக. கடைசியில அவன், சும்மா ஏறிக்கோ, குடை ஒண்ணு தாரேன்னான். எனக்கு மட்டும் அன்னைக்கு வயசிருந்தா குடையை அவன்கிட்ட வாங்கிட்டு இவுக கப்பல்ல ஏறியிருப்பேன். அந்த விவரம் அன்னைக்குச் சனத்துக்கு இல்ல.

1908ல கோரல் மில்லு வேலைநிறுத்தம். கூலிக்காரன் வயித்தைப் பத்தி வக்கீலுக்கு என்ன கவலை? இருந்துச்சு. மார்ச் மாசம் வெள்ளைக்காரன் அவுகளைப் பிடிச்சான், சூலையில பின்ஹே துரை ரெண்டு ஆயுள் தண்டனை குடுத்தான், நாப்பது வருசம். மேல் கோர்ட்டுல குறைச்சாக, ஆனாலும் கோயம்புத்தூர் ஜெயில்ல மாடு இழுக்கிற செக்கை மனுசன் இழுத்தாரு. அந்தத் தீர்ப்பைக் கேட்டு அவுக தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. திரும்ப வரவே இல்ல. இந்த இடத்துல எனக்குக் கேலி வரல, நீ அந்தச் செம்பை இங்கிட்டு எடு.

1912 டிசம்பர்ல வெளிய வந்தா வக்கீல் சன்னதும் போச்சு, கப்பலும் போச்சு. மெட்ராஸ்ல மண்ணெண்ணெய் வித்துப் பாத்தாக. தென்னாப்பிரிக்காவுல இருந்த நம்ம ஆளுக இவுகளுக்குன்னு சேத்துக் குடுத்த பணம் காந்தியார் கையில இருந்துச்சு. ஊரான் கேஸை ஓசியில நடத்துன மனுசன், தனக்கு வர வேண்டியதுக்கு 1915ல இருந்து காயிதம் மேல காயிதம் போட்டாரு பாரு. 1916ல வந்துச்சு, 347 ரூபா 12 அணா. வாய்தா எத்தனைன்னு எண்ணிக்கோ.

அப்பறம் ஒரு கூத்து. முந்தி நம்ம ஜில்லாவுல மாஜிஸ்ட்ரேட்டா இருந்த வாலஸ் துரைதான் சன்னது திரும்பக் கிடைக்க உதவுனாரு. வெள்ளைக்காரனோட மல்லுக்கட்டி ஜெயிலுக்குப் போன மனுசன், கடைசி மகனுக்கு வாலேசுவரன்னு பேரு வச்சாரு! ஒரு துரையை ஈசுவரன் ஆக்கிட்டாரு. நன்றின்னா பொங்கலுக்கு ஒரு கரும்புக் கட்டு குடுத்தாப் போதாதா?

கோவில்பட்டியில வக்கீல் தொழிலு, தொல்காப்பியம் பதிப்பு, குறளுக்கு உரைன்னு கிடந்தாக. 1936 நவம்பர்ல தூத்துக்குடியில முடிஞ்சுது. உயில் எழுதுனாகளே, அதுல ஜவுளிக் கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவுன்னு பாக்கியை எல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்காக. கடன்காரன் மறந்தாலும் இவுக விட மாட்டாகளாம். இப்படியா ஒரு வக்கீலு இருப்பாரு?

அதனால நல்லாக் கேட்டுக்கோ. பீஸ் வாங்காம வக்காலத்துல கையெழுத்துப் போடாத. சொந்தக்காரன்னு வந்தா முதல்ல பேனாவை ஒளிச்சு வையி. வயசாளி எவனாவது மடியில பத்திரத்தோட வந்து பழங்கதை பேசுனா, எந்திரிச்சு கொல்லைப்பக்கம் போயிரு.

சரி, வடக்குப் புஞ்சை வரப்புல ஒத்தப் பனை நிக்கில்லா. பக்கத்துப் புஞ்சைக்காரன் அது அவனுதுங்கான். சர்வேயரு வந்து, கல்லைக் காணோம்னு சொல்லிட்டு ரெண்டு நுங்கு தின்னுட்டுப் போயிட்டாரு. இந்தா, பத்திரம். 

பீஸா? என்னலே என்னையவே பாக்க? அத்தை உள்ள தோசை சுட்டுக்கிட்டு இருக்கா, போயி எத்தனை வேணும்னு சொல்லு.